தோளில் இருக்கும் அந்த மச்சத்தைக் காட்டிவிட்டு வா

அன்புள்ள கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னைத் திட்டியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நீ சொல்ல வந்தது ஒன்று, நான் பிடித்துக்கொண்டது இன்னொன்று. வலது தோளில் இருக்கிற மச்சம் கொஞ்சம் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்றாய். ஆறு வருடமாகக் குளிர்காலத்தில் டேனிங் பெட்டில், அதாவது தோலுக்கு நிறம் ஏற்றும் விளக்குப் படுக்கையில், படுப்பதையும், வெயில் காலம் வந்தால் கடற்கரையில் மணிக்கணக்காகக் கிடப்பதையும் சேர்த்தே சொன்னாய். நான் மச்சத்தை விட்டுவிட்டு, "யாரைக் கேட்டு இதெல்லாம் செய்தாய்?" என்று ஆரம்பித்துவிட்டேன். "சரிம்மா, வைக்கிறேன்" என்று நீ வைத்துவிட்டாய்.

திட்டு விழும் என்று தெரிந்தால் யாருக்கும் உண்மையைச் சொல்ல வாய் வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படி நடந்துகொண்டவள்தான். உன்னிடம் அதை முழுதாகச் சொன்னதில்லை.

என் மூக்கின் ஓரத்தில் இருக்கும் தழும்பு உனக்குத் தெரியும். "சின்ன ஆபரேஷன்" என்று சொல்லி முடித்துவிட்டேன். 28 வருடம் விளையாட்டு டீச்சராக மைதானத்தில் நின்ற முகம் இது. கடுகளவு ஒரு கறுப்புப் பொட்டு வந்தது. ஓரம் மட்டும் முத்து மாதிரி மினுங்கும். முகம் துடைத்தால் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் ஒட்டும். பொருக்குத் தட்டும், உதிரும், ஆறிவிட்டது என்று நினைப்பேன். அடுத்த வாரம் மறுபடியும் துண்டில் அதே சொட்டு. நாலு மாதம் இப்படியே ஓடியது.

டாக்டர் "எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்டபோது, "ரெண்டு வாரம் இருக்கும்" என்றேன். "வெயிலில் தொப்பி போடுவீர்களா?" என்றார். "போடுவேன்" என்றேன். ஒரு நாளும் போட்டதில்லை. நாலு மாதம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்ற கூச்சம்தான். ரெண்டு வாரப் புண் என்றுதானே அவருக்குச் சொன்னேன், களிம்பு எழுதித் தந்து, ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் வரச் சொன்னார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் திரும்பப் போனது மூன்று மாதம் கழித்து. அன்றைக்குத்தான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அன்றைக்கே துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பேசல் செல் கார்சினோமா என்று வந்தது. தோல் புற்றுநோய்களில் அதிகம் பேருக்கு வருவது இதுதான். மெதுவாக வளரும், வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது. வெட்டி எடுத்ததோடு போயிற்று. ஆனால் முதலிலேயே சொல்லியிருந்தால் வெட்டு இன்னும் சின்னதாக இருந்திருக்கும்.

அதனால் உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். தோல் டாக்டரிடம் போ, போனால் கணக்கைக் குறைக்காமல் சொல். அவர்கள் கேட்கப்போவது இவைதான்: எந்த வயதில் டேனிங் பெட்டில் படுக்க ஆரம்பித்தாய், வருடத்துக்கு எத்தனை தடவை, தோல் சிவந்து கொப்பளிக்கும் அளவுக்கு எப்போதாவது வெந்ததா, வீட்டில் யாருக்காவது தோல் புற்றுநோய் வந்திருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு இனி "அம்மாவுக்கு வந்தது" என்று சொல். வயதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கு மெலனோமா ஆபத்து கூடுதல். எனக்கு வந்ததைப் போலில்லாமல், வேறு இடத்துக்குப் பரவக்கூடிய தோல் புற்றுநோய் அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2009இல் இந்த விளக்குப் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் முதல் வகுப்பிலேயே சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவற்றின் வகுப்பு அது. அதே வருடம் பிரேசில் நிறம் கூட்டுவதற்காக அவற்றைப் பயன்படுத்துவதையே தடை செய்தது. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. எண்ணிக்கையைச் சொல்லும்போது உனக்குக் கூச்சம் வரும், அது டாக்டருக்கு எவ்வளவு தேவையான தகவல் என்று தெரிந்தால் கூச்சம் குறையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஒரு மச்சத்தை மட்டுமல்ல, உடம்பு முழுக்கத் தோலைப் பார்ப்பார்கள். போகும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கை, கால் இரண்டிலும் நகப்பூச்சை அழித்துவிடு, நகத்துக்கு அடியிலும் பார்ப்பார்கள். முகத்துக்கு ஒன்றும் பூசாதே. கூந்தலை இறுக்கிப் பின்னாமல் விட்டுப் போ. நிறத்துக்காக ஸ்ப்ரே, க்ரீம் என்று எதையாவது பூசும் வழக்கம் இருந்தால் ரெண்டு வாரம் முன்பே நிறுத்து, அந்தச் சாயம் மச்சத்தின் உண்மையான நிறத்தை மறைத்துவிடும். சாப்பிடும் மாத்திரைகளை எழுதி எடுத்துக்கொள். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டாயே, அது வெயிலில் தோலைச் சீக்கிரம் வேகவைக்கும் மருந்து. அதையும் எழுது.

அப்புறம், உடை கழற்றுவது. உனக்குத் தயக்கமே அதுவாகக்கூட இருக்கலாம், எனக்கு இருந்தது. உள்ளாடை தவிர மற்றதைக் கழற்றச் சொல்லிவிட்டு, முதுகுப் பக்கம் திறக்கிற கவுன் ஒன்று தருவார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். நர்ஸ் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் விலக்கச் சொல்வதில்லை. ஒரு பக்கத்தைப் பார்த்து, மூடிவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். உள்ளாடைக்குள் இருக்கும் இடத்தைப் பார்க்கட்டுமா என்று கேட்பார்கள், முடிவு உன்னுடையது. ஆனால் டேனிங் பெட்டில் உடையில்லாமல் படுத்திருந்தால் அந்த இடங்களையும் காட்டிவிடு என்பது என் எண்ணம். அங்கே ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் கிடையாது. கண்தான் கருவி. தலையில் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்ப்பார்கள். காதுக்குப் பின்னால், இமை ஓரம், உதடு, கழுத்து, முதுகு என்று இறங்கி, கால்விரல் இடுக்கு, உள்ளங்கால் வரை வருவார்கள். 10, 15 நிமிடம் ஆகும். சந்தேகமான மச்சம் வந்தால் டெர்மாட்டோஸ்கோப் என்று ஒரு கையடக்கக் கருவியை வைப்பார்கள். விளக்கு வைத்த பூதக்கண்ணாடி மாதிரி, 10 மடங்கு பெரிதாகக் காட்டும். எனக்கு வைக்கும் முன் ஒரு சொட்டு ஜெல் தடவினார்கள். மூக்கு சில்லென்றது. தோலின் மேற்பரப்பு பளபளத்தால் உள்ளே தெரியாதாம், அதற்குத்தான் ஜெல். டாக்டரின் மூச்சு என் கன்னத்தில் படும் அளவுக்குப் பக்கத்தில் வந்து, பேசாமல், அசையாமல் பார்த்தார். அந்த அரை நிமிடம்தான் எனக்கு நீளமாக இருந்தது. உனக்கும் அப்படி நிறுத்திப் பார்த்தால் உடனே கெட்டதை நினைக்காதே. சாதாரண மச்சத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தால் நீயும் வீட்டில் பார்க்கலாம். நடுவில் கோடு போட்டால் ரெண்டு பாதியும் ஒத்துப்போகாத மச்சம், ஓரம் கந்தலாக இருப்பது, ஒரே மச்சத்தில் ரெண்டு மூன்று நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். இவையெல்லாம் சந்தேகப்பட வைப்பவை. ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்படுவது மாற்றம். நேற்று இருந்த மாதிரி இன்று இல்லை என்பது. அதைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். இன்னொன்று, உடம்பில் மற்ற மச்சங்களெல்லாம் ஒரு சாயலில் இருக்க, ஒன்று மட்டும் கூட்டத்தில் சேராமல் தனியாகத் தெரிவது. உன் வலது கையில் எத்தனை மச்சம் என்று ஒரு நாள் எண்ணிப் பார். 11க்கு மேல் போனால் உடம்பு முழுக்க 100க்கு மேல் இருக்கலாம் என்று இங்கிலாந்தில் இரட்டைப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதிக மச்சம் இருப்பவர்களுக்குக் கவனமும் அதிகம் தேவை.

டேனிங் செய்பவர்களிடம் டாக்டர் கையாலும் தடவிப் பார்ப்பார். வெயில் பட்ட இடத்தில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக ஒரு திட்டு இருக்கும், கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். அது புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் ஒருசில அப்படி மாறலாம். திரவ நைட்ரஜனால் உறையவைத்து எடுத்துவிடுவார்கள். சுருக்கென்று குத்தும், கொப்பளித்துக் காய்ந்து உதிர்ந்துவிடும்.

சரி, பயாப்ஸி, அதாவது துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. நடந்தது இவ்வளவுதான்: மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்கள். அந்த ஊசிதான் வலி, எரிச்சலோடு சில நொடிகள். அதற்கப்புறம் அழுத்துவது தெரிந்தது, வலிக்கவில்லை. மேலாகச் சீவி எடுப்பது ஒரு வகை. சின்ன வட்ட வடிவக் கத்தியால் துளையிட்டு எடுப்பது இன்னொன்று. மெலனோமாவோ என்ற சந்தேகம் இருந்தால் முடிந்தவரை மச்சத்தை முழுதாகவே எடுத்துவிடுவார்கள். தையல் போட்டால் முகத்தில் ஒரு வாரத்துக்குள், முதுகு, தோள் பக்கம் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை கனமாக எதையும் தூக்காதே. புண்ணைக் காயவிடாமல் வாஸ்லின் தடவிக் கட்டுப் போட்டு வை. காற்றாட விட்டால் ஆறும் என்று நான் நினைத்திருந்தேன், அது சரியில்லையாம்.

முடிவு வர சில நாளிலிருந்து ரெண்டு வாரம் ஆகலாம். அந்தக் காத்திருப்புதான் உண்மையில் கஷ்டம். முடிவை யார் சொல்வார்கள், போனிலா நேரிலா, எத்தனை நாளில் வராவிட்டால் நீ கூப்பிட வேண்டும் என்று கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள். அந்த நாட்களில் இரவு எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு.

நீ ஒன்று சொன்னாய், எல்லாருக்கும் இப்படி உடம்பு முழுக்கத் தோலைப் பார்க்கும் பரிசோதனை தேவை என்று நிரூபணம் இல்லை என்று படித்ததாக. பொய்யில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2023இல் அப்படித்தான் சொன்னது. ஆனால் அது எந்த அறிகுறியும் இல்லாத பொதுமக்களைப் பற்றி. உன் தோளில் மச்சம் மாறியிருக்கிறது. அந்த வரி உனக்காக எழுதப்பட்டதில்லை.

"நம்ம நிறத்துக்கு இதெல்லாம் வராதும்மா" என்றும் சொன்னாய். குறைவு என்பது நிஜம், வராது என்பது இல்லை. என் மூக்கைப் பார். ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் இருந்தது மெலனோமா என்று 1977இல் தெரிந்தது, 1981இல் 36 வயதில் போய்விட்டார். கறுத்த தோலில் மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடத்தில்தான் வரும். அதற்கு டேனிங் காரணமில்லை. ஆனாலும் உள்ளங்காலைக் காட்டாமல் வந்துவிடாதே. நம் மாதிரித் தோலில் தாமதமாகக் கண்டுபிடிப்பதே பெரிய ஆபத்து. மெலனோமா மேல் அடுக்கோடு நின்றிருந்தால் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தது. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். 1970இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் காட்டிய அந்த ஆழத்தை இன்றைக்கும் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருப்பதும், நாலு மில்லிமீட்டர் போனதும் ஒன்றல்ல.

டேனிங் பெட்டை விட்டுவிடு என்று சொல்லத்தான் ஆசை. நிறம் ஏறுவது என்பதே தோல் அடிபட்டதற்கு அது காட்டும் பதில். முதலில் கொஞ்சம் நிறம் ஏற்றிக்கொண்டால் வெயிலில் வேகாது என்று சொல்கிறார்களே, அது சன்ஸ்கிரீனில் போட்டிருக்கும் SPF என்ற பாதுகாப்பு எண் கணக்கில் 3 அல்லது 4தான் தேறும். ஆனால் இதை இந்தப் பரிசோதனைக்கு நிபந்தனையாக வைக்கவில்லை. விட்டாலும் விடாவிட்டாலும் நீ போக வேண்டும்.

இன்றைக்கே ஒரு காரியம் செய். மச்சத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, பகல் வெளிச்சத்தில், யாரையாவது போட்டோ எடுக்கச் சொல். உன் கைக்கு எட்டாத இடம் அது. பழைய போட்டோக்களில் தோள் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் போனில் எடுத்து வை. ஸ்லீவ்லெஸ் போட்டு எடுத்த உன் பட்டமளிப்பு நாள் போட்டோ என்னிடம் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தேன், மச்சம் ஒரு புள்ளி மாதிரி தெரிகிறது. இந்தக் கடிதத்தோடு அதை வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டு.

நாள் குறித்ததும் எந்தத் தேதி என்று மட்டும் சொல். நான் வர வேண்டுமென்றால் வருகிறேன், வேண்டாம் என்றால் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா