பெட்டியின்மேல் உண்மைக் கொள்ளளவை அச்சிடுங்கள்

கையடக்க மியூசிக் பிளேயர்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை இறக்குமதி செய்து சிங்கப்பூரில் விற்கும் வணிகர்களுக்கும்,

வணக்கம்.

என்னிடம் ஏறத்தாழ 700 ஜிபி அளவுக்குப் பாட்டும் பேச்சும் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே கருவியில் வைத்துக்கொண்டு, வேண்டியதை வேண்டிய நேரத்தில் தேடியெடுத்துக் கேட்க வேண்டும். என் தேவை இவ்வளவுதான். இதற்குச் சில நூறு வெள்ளி கொடுக்கவும் தயார், ஆயிரம் வெள்ளி கொடுக்கவும் தயார். ஆனால் உங்கள் பெட்டிகளையும் விளம்பரத் தாள்களையும் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும், எந்தக் கருவி இந்த வேலையைச் செய்யும் என்பதை வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவ்வளவு பாட்டு எதற்கு என்று கடைகளில் கேட்கிறார்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒலிநாடாவில் பதிந்து வைத்த நவராத்திரிக் கச்சேரிகள், வானொலி நாடகங்கள், இராமாயணச் சொற்பொழிவுகள் ஒரு பக்கம். சிராங்கூன் ரோட்டில் பாட்டுக் கடைகள் நிறைந்திருந்த காலத்தில் நான் வாங்கிய குறுந்தட்டுகள் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக மாற்றிவிட்டேன். ஒரு மணி நேரக் குறுந்தட்டு சுருக்காத நிலையில் 635 எம்பி. ஃபிளாக்கில் அது ஏறத்தாழப் பாதியாகும். மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்று ஒரு ஜிபியை நெருங்கிவிடும். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சேர்த்தது 700 ஜிபி ஆவதில் வியப்பு ஒன்றுமில்லை.

இணையத்தில் கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அப்பாவின் ஒலிநாடாக்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி எந்தப் பாட்டுச் சேவையிலும் இல்லை. கைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். இன்று விற்கும் உயர்விலைக் கைபேசிகளில் பெரும்பாலானவற்றுக்கு மெமரி கார்டு செருகும் இடமே கிடையாது. ஹெட்போன் துளையும் 2016-இல் ஐபோன் 7 வந்ததிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துவிட்டது. தனிக் கருவி தேடுவது என் பிடிவாதத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் வலிப்பது, இது நம் ஊர் ஒரு காலத்தில் முன்னணியில் நின்ற பொருள் என்பது. சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 2000-ஆம் ஆண்டிலேயே நோமாட் ஜூக்பாக்ஸ் என்னும் மியூசிக் பிளேயரை வெளியிட்டது. அதற்குள் 6 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆப்பிளின் முதல் ஐபாட் 5 ஜிபியோடு அறிமுகமானது அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில்தான். ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒரு சிறிய திரையில் அடுக்கடுக்காகப் பிரித்துத் தேடும் முறைக்குக் கிரியேட்டிவ் வாங்கிய காப்புரிமையைப் பயன்படுத்த, ஆப்பிள் 2006-இல் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த வழக்கின் மையமே, பெருந்தொகுப்பில் ஒரு பாட்டை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்பதுதான். அப்போதே புரிந்த சிக்கலை இன்றைய கருவிகளில் பல கண்டுகொள்வதே இல்லை.

2007-இல் 160 ஜிபி ஐபாட் கிளாசிக் வந்தது. 2014 செப்டம்பரில் அதை நிறுத்தினார்கள். உதிரிபாகங்கள் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அன்று அது ஏற்கத்தக்க காரணமாக இருந்திருக்கலாம். இன்று விரல் நகத்தளவு மெமரி கார்டில் 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, கிடைக்கிறது, அதுவும் 2019 முதலே. சுழலும் தட்டு வேண்டாம், அதிர்ச்சிக்குப் பயப்பட வேண்டாம். சேமிப்பிடம் இவ்வளவு எளிதான பிறகும் பெருந்தொகுப்புக்காரருக்கு ஏற்ற கருவியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

இனி உங்கள் பெட்டிகளைப் பார்ப்போம். ‘32 ஜிபி’ என்று பெரிதாக அச்சிடுகிறீர்கள். ஆண்ட்ராய்டில் இயங்கும் கருவியாக இருந்தால் அதில் கணிசமான பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பது என் தொகுப்புக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. சரி, கார்டு போடலாம். ‘512 ஜிபி வரை’ என்று ஒரு வரி இருக்கும். மெமரி கார்டுகளுக்கென்று 2009-இல் வகுத்த எஸ்டிஎக்ஸ்சி என்னும் பொது விதிமுறை 2 டிபி வரை இடம் கொடுக்கிறது. அப்படியென்றால் இந்த 512 என்பது என்ன? நீங்கள் சோதித்துப் பார்த்த எல்லையா, கருவியால் தாண்டவே முடியாத எல்லையா, அந்தத் தாளை அச்சிட்டபோது சந்தையில் இருந்த பெரிய கார்டின் அளவா? மூன்றும் மூன்று வேறு செய்திகள். ஒன்றில் நான் 1 டிபி கார்டு வாங்கலாம், இன்னொன்றில் வாங்கினால் பணம் வீண். ஒரே ஒரு சொல் கூடுதலாக அச்சிட்டால் தீர்ந்துபோகும் குழப்பம் இது.

கார்டு பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது பாட்டுப் பட்டியல். கார்டைச் செருகியதும் கருவி எல்லாக் கோப்புகளையும் படித்து ஒரு பட்டியல் தயாரிக்கிறது. அந்தப் பட்டியலைத் தாங்க, கார்டின் இடத்தைத் தவிர, கருவிக்குள்ளேயே வேலை நினைவகம் (ரேம்) வேண்டும். பழைய ஐபாட் கிளாசிக்கைப் பிரித்து, உள்ளே ஃபிளாஷ் கார்டுகளைப் பொருத்திப் பயன்படுத்துவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். இடம் எவ்வளவு கூட்டினாலும், அதன் 64 எம்பி நினைவகம் பாட்டுகளின் எண்ணிக்கையைத் தாங்க முடியாமல் திணறுவது அவர்கள் நன்கு அறிந்த செய்தி. புதிய கருவிகளிலும் இதே வகை எல்லை இருக்கக்கூடும். சிலவற்றில் பட்டியல் பாதியில் உறைந்து நிற்கும். சிலவற்றில் எல்லைக்கு மேற்பட்ட பாட்டுகள் ஓசையின்றி விடுபட்டுப்போகும், எது விடுபட்டது என்று தெரியவும் தெரியாது. ஆகவே எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை கோப்புகள் என்பதையும் சொல்லுங்கள். அந்த எண் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். பெட்டியில்தான் இல்லை.

பட்டியல் முழுதாக வந்துவிட்டாலும் என் வேலை முடிவதில்லை. உங்கள் கருவி ‘ஆர்ட்டிஸ்ட்’, ‘ஆல்பம்’ என்று பிரிக்கிறது. தமிழ்த் திரைப்பாட்டு கேட்பவர் பெரும்பாலும் இசையமைப்பாளர் பெயரைச் சொல்லித்தான் தேடுவார். அந்தப் பிரிவே பல கருவிகளில் கிடையாது. டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா இருவரும் பாடிய பாட்டு ஒரு ‘ஆர்ட்டிஸ்ட்’. அதே இருவர் பெயரை மாற்றி எழுதினால் அது வேறொரு ‘ஆர்ட்டிஸ்ட்’. சௌந்தரராஜன் தனியாகப் பாடியது இன்னொன்று. கர்நாடக இசைக்கோ பாடியவர், இயற்றியவர், ராகம் மூன்றும் வேண்டும். தியாகராஜர் கீர்த்தனைகளை மட்டும் எடு என்று கேட்க முடியாவிட்டால் ஐந்நூறு கச்சேரிக்கு நடுவில் நான் எங்கே போய்த் தேடுவேன்? இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. கோப்புக்குள் இயற்றியவர் பெயருக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. பல பெயர்களைத் தனித்தனியாகப் பதியவும் வழி இருக்கிறது. கருவி அதைப் படித்துக் காட்டினால் போதும்.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. இங்கே விற்கும் கருவியின் திரையில் அது சரியாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆண்ட்ராய்டு கருவிகளில் பொதுவாகச் சிக்கல் இல்லை. தனி மென்பொருளில் ஓடும் விலை குறைந்த கருவிகள் சிலவற்றில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும். அதைவிட மோசமானது, எழுத்து இருக்கும் ஆனால் குலைந்திருக்கும். இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பேகடா ராகம் ‘பகேடா’ ஆகிவிடும். தேவகாந்தாரி ‘தவேகாந்தாரி’ ஆகிவிடும். கணினிக்குள் மெய்யெழுத்துக்குப் பிறகு சேமிக்கப்படும் உயிர்க்குறியை, திரையில் காட்டும்போது இடம் மாற்றி வரைய வேண்டும். அந்த ஒரு வேலையை மென்பொருள் செய்யாமல் விடுவதன் விளைவு இது. என் வயதுக்காரர்கள் ஊகித்துப் படித்துக்கொள்வோம். ராகத்தின் பெயரை இப்போதுதான் கற்கும் பிள்ளை அந்தத் திரையைப் பார்த்தால் என்ன கற்றுக்கொள்ளும்?

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்துவது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விழும் அந்த அரை நொடி மௌனம். கச்சேரிக் குறுந்தட்டுகளில் ராகம் ஒரு கோப்பு, தானம் ஒரு கோப்பு, பல்லவி ஒரு கோப்பு என்று பிரித்திருப்பார்கள். மேடையில் அவை பிரியவே இல்லை. ஆலாபனை அடங்கும்போது தம்புரா தொடர்ந்து மீட்டிக்கொண்டிருக்கும், வயலின் இன்னும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்திருக்கும், பாடகர் மூச்சு வாங்கித் தானத்தைத் தொடங்குவார். அந்த இடத்தில் உங்கள் கருவி முதல் கோப்பை மூடி அடுத்ததைத் திறக்கிறது. சுருதி அறுந்துபோகிறது. காதில் ஒரு சின்ன வெட்டு விழுந்து, தம்புரா மறுபடி நடுவிலிருந்து தொடங்குகிறது. ஒரு மணி நேரமாக மனம் கட்டியெழுப்பியது அங்கே சரிந்துவிடுகிறது. எம்பி3 கோப்பில் இதற்கு ஒரு காரணமாவது உண்டு. மாற்றும்போதே கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது வெற்றொலி சேர்ந்துவிடும். ஃபிளாக்கில் அதுவும் இல்லை. அடுத்த கோப்பைக் கொஞ்சம் முன்னதாகவே திறந்து வைத்துக்கொண்டால் போதும். ராக்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். அது பழைய கருவிகளில்கூட இடைவெளியின்றிப் பாட வைக்கிறது, பட்டியல் இல்லாமலே கோப்புறை வழியாகத் தேடவும் விடுகிறது. சம்பளம் வாங்காதவர்கள் செய்து முடித்ததை, ஆயிரம் வெள்ளிக்குக் கருவி விற்கும் உங்களால் ஏன் செய்ய முடியவில்லை?

பேட்டரி பற்றி ஒன்று மட்டும். 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனர் தாமே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கே அப்படிச் செய்யப்போகும் கருவியை இங்கேயும் அப்படியே அனுப்புங்கள். எங்களுக்கென்று மூடி ஒட்டிய வேறொரு வடிவம் வேண்டாம்.

வணிகர்களே, உங்களிடமும் பேச வேண்டும். காட்சிக்கு வைத்த கருவியில் காதில் மாட்டிக் கேட்க விடுகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதிலுள்ள பாட்டுகள் நீங்கள் போட்டு வைத்த பத்துப் பதினைந்து மட்டுமே. பத்துப் பாட்டில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் ஓடும். என் கார்டைப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கடையில் கேட்டேன். “வெளிக் கார்டு போடக்கூடாது அக்கா, மேலிடத்து உத்தரவு” என்றார் அங்கிருந்த தம்பி. அவர்மேல் குறையில்லை. புதிய பெட்டியைப் பிரித்தால் வாங்கியே தீர வேண்டும் என்றும் சொன்னார். ஆக, கருவி என் தொகுப்பைத் தாங்குமா என்பதை விலை கொடுத்த பிறகுதான் அறிய முடியும்.

குறைபாடுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டம் சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. சொன்னதற்கு ஏற்ப இல்லாத பொருளுக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பெட்டியில் எதுவுமே சொல்லாவிட்டால், எதற்கு ஏற்ப இல்லை என்று பயனீட்டாளர் வாதாடுவது? எண்களை அச்சிடாமல் விடுவது எங்கள் உரிமையையும் சேர்த்தே மழுங்கடிக்கிறது.

போலி கார்டுகளும் இதில் சேர்ந்துகொள்கின்றன. 1 டிபி என்று காட்டும், உள்ளே அதில் சிறு பகுதிதான் இருக்கும். உண்மையான இடம் நிறைந்த பிறகு எழுதும் கோப்புகள் கெட்டுப்போகும், அதுவரை எதுவும் வெளியே தெரியாது. உண்மையான 1 டிபி கார்டும் விண்டோஸ் கணினியில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு, அவ்வளவே. அதைப் பார்த்துப் பயந்துபோகும் வாடிக்கையாளருக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரர்தான் விளக்க வேண்டும். கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகு விற்றால், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுப்பேன்.

நான் கேட்பது நான்கு வரி. கருவி தாங்கும் மிகப்பெரிய கார்டு எது, அது சோதித்த எல்லையா கடக்க முடியாத எல்லையா. பட்டியலில் அதிகபட்சம் எத்தனை கோப்புகள். இடைவெளியின்றிப் பாடுமா. தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டுமா. பெட்டியின் பின்புறத்தில் இதற்கு இடம் இருக்கிறது.

சோதித்துப் பார்க்கத் தமிழ்க் கோப்புகள் எங்கே கிடைக்கும் என்று உங்கள் பொறியாளர்கள் கேட்டால், அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒரு கார்டில் சோதனைத் தொகுப்பு ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். நானே தம்புரா மீட்டிப் பதிந்து மூன்றாக வெட்டிய ஒலிப்பதிவு, எல்லா உயிர்மெய் வடிவங்களும் வரும் கோப்புப் பெயர்கள், இரு பாடகர் பெயர்களை எல்லா வரிசையிலும் எழுதிய கோப்புகள், பட்டியலை நிரப்புவதற்கென்றே செய்த பல்லாயிரம் சிறு கோப்புகள் எல்லாம் அதில் உண்டு. பதிப்புரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. கேட்கும் நிறுவனத்துக்கும் கடைக்கும் இலவசமாகப் படியெடுத்துத் தருகிறேன். உங்கள் கருவி அதைத் தாங்கினால், அந்த வாரமே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அங் மோ கியோவில் வசிக்கும் ஒரு பயனீட்டாளர்