கறிவேப்பிலை நடச் சொன்னது தவறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் இப்படி ஒரு வரி வந்திருந்தது: ‘எலுமிச்சைத் தோட்டத்தைச் சுற்றிக் கறிவேப்பிலை நட்டால் அதன் வாசத்துக்குப் பூச்சி அண்டாது.’ எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகைதான். வேறு எதிலாவது இது வந்திருந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பேன்.

ஐயா, நான் இதைச் செய்து பார்த்துப் பட்டவன். பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று கிழக்கு வரப்பு நெடுக நாற்பது கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். அடுத்த வருஷமே கொழுந்தெல்லாம் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள், அவற்றின் பின்னால் வெள்ளை மெழுகு நூல். வளர்ந்த பூச்சி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும். அதுதான் சில்லா பூச்சி. இளங்கொழுந்தில் மட்டும்தான் முட்டை வைக்கும். எலுமிச்சையில் துளிர் முற்றிவிட்டால் அதற்கு இடம் கிடைக்காது, எண்ணிக்கை தானாகக் குறையும். கறிவேப்பிலை அப்படியா? ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும். வருஷம் முழுக்கப் பூச்சிக்குச் சோறு போட்டு வளர்த்து, மழை பெய்து எலுமிச்சை துளிர்த்ததும் நானே அதைத் தோட்டத்துக்குள் அனுப்பியிருக்கிறேன். கிழக்கு ஓரத்து மரங்களில் கொழுந்து சுருண்டு கருகியதைப் பார்த்த பிறகு, நாற்பதையும் என் கையாலேயே வெட்டினேன்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பச் செடிகள். இரண்டின் இலையையும் கசக்கி முகர்ந்தாலே அந்த உறவு தெரியும். பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டு இலையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் இரண்டுக்கும் பொது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சில்லா பூச்சி செய்யும் சேதத்தைப் பஞ்சாபில் ஹுசைனும் நாத்தும் 1927லேயே விரிவாக எழுதி வைத்தார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் கிரீனிங் நோயைக் கடத்துவதும் இதே பூச்சிதான் என்று 1967ல் கபூர், ராவ், விஸ்வநாத் மூவரும் காட்டினார்கள். எல்லாம் நம் நாட்டு ஆராய்ச்சி. உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாததா?

அந்த நோய் என்ன செய்யும் என்பதற்கு ஃபுளோரிடாவைப் பார்க்கலாம். 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த இடம் அது. 2005ல் நோய் தென்பட்டது. 2022-23ல் 1.6 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. அந்த வருஷம் புயலும் அடித்தது, சரி, ஆனால் தோப்புகளை அதற்கு முன்பே சாய்த்தது இந்த நோய்தான். என் மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது, என் மனைவி ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்த கறிவேப்பிலையை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு வருத்தம். எனக்குக் காரணம் தெரியும் என்பதால் பேசாமல் வந்தேன். ஒரு கொத்து இலையில் பூச்சி வந்துவிடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள், நீங்கள் தோட்டத்தைச் சுற்றியே நடச் சொல்கிறீர்கள்.

கட்டுரையாளர் கொய்யாவை நினைத்து எழுதினாரோ என்னவோ. வியட்நாமில் ஆரஞ்சுக்கு நடுவே கொய்யா வைத்தால் சில்லா குறைவதாகப் பார்த்திருக்கிறார்கள். கொய்யா இலையிலிருந்து வரும் டைமெத்தில் டைசல்ஃபைடு என்ற வேதிப்பொருளின் வாசம் காரணமாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஃபுளோரிடாவில் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும் அது கொய்யா, கறிவேப்பிலை இல்லை.

இன்னொன்றும் நெடுநாளாக மனதில் இருக்கிறது. எலுமிச்சையின் மரபணு பற்றி நீங்கள் முன்பு ஒரு செய்தி போட்டீர்கள். கசப்பு ஆரஞ்சும் சிட்ரான் என்ற தடித்த தோல் பழ இனமும் சேர்ந்து பிறந்தது என்று எழுதி, முனை நீண்ட மஞ்சள் பழத்தின் படத்தையும் வைத்தீர்கள். அது லெமன். நாம் சாதத்துக்குப் பிழிவது லைம். அதன் ஒரு பக்கம் சிட்ரான், மறு பக்கம் மைக்ராந்தா என்ற பிலிப்பைன்ஸ் காட்டு இனம். 60 மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2018ல் வந்த கட்டுரையிலேயே இது இருக்கிறது. பெயர்தானே என்று விடமுடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்களைத் தாக்கும் டிரிஸ்டீசா வைரஸை லெமன் ஓரளவு தாங்கும், நம் எலுமிச்சை தாங்காது. அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடங்களில் சோதனைச் செடியாக வைப்பதே இதைத்தான். லெமனுக்குச் சொன்ன வைத்தியத்தை இதற்குச் செய்தால் நஷ்டம் எங்களுக்கு. அன்றே கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அப்புறம், கோடையில் ஒரு பழம் பத்து ரூபாய் விற்றால் முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. மழைக்காலத்தில் மூட்டையைக் கமிஷன் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோமே, அதைக் கேட்க யாரும் வந்ததில்லை. நர்சரிக் கன்றோடு சேர்ந்து சொறி நோயும் என் தோட்டத்துக்கு வந்தது. இலையிலும் காயிலும் புள்ளி விழுந்த பழத்தை எந்த வியாபாரியும் தொடமாட்டார். அதைப் பற்றியும் ஒரு வரி வரவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரி தவறு என்று அதே வேளாண் பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில், இந்த வாரமே போடுங்கள். எங்கள் பக்கம் வன்னிக்கோனேந்தலில் எலுமிச்சைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இனிமேல் அச்சுக்குப் போகும் முன் அங்கே ஒரு போன் செய்து கேளுங்கள். மழை தொடங்கப் போகிறது. உங்களை நம்பி யாரும் குழி தோண்டுவதற்கு முன் திருத்தம் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
புளியங்குடி அருகே ஓர் எலுமிச்சை விவசாயி