கலப்பெண் கழித்தல்: பயிற்சிக்கு எடுக்கும் எண்களிலும் கவனம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் தரம் 7 பிள்ளைகளுக்காக வெளியான கலப்பெண் (முழுவெண்ணும் பின்னமும் சேர்ந்த எண்) கழித்தல் பயிற்சி தேவையான ஒன்றுதான். விளக்கிய படிமுறைகளிலும் பிழை இல்லை. குறை எடுத்துக்கொண்ட எண்களில் இருக்கிறது. முதல் வினா 5 1/4 − 2 3/4. இரண்டாவது 6 3/10 − 2 7/10. பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பதை இந்த இரண்டு வினாக்களுமே மறைத்துவிடுகின்றன.

முதல் வினாவின் சரியான விடை 2 1/2. பிழைவிடும் பிள்ளை அநேகமாக 3 1/2 என்று எழுதும். அந்த விடைக்கு இரண்டு வழிகளில் வந்து சேரலாம். 1/4 இலிருந்து 3/4 போகாது என்றதும், பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்போம் என்று 3/4 − 1/4 = 2/4 போட்டுவிட்டு, 5 இல் 2 போக 3 என்று முடிப்பது ஒரு வழி. மற்றது, 5 இலிருந்து ஒன்றைக் கடன் எடுத்து 1/4 ஐ 5/4 ஆக்கிய பிறகு, 5 ஐ 4 ஆகக் குறைக்க மறப்பது. அப்போதும் 5/4 − 3/4 = 2/4, 5 − 2 = 3. முதல் பிள்ளைக்குக் கடன் எடுப்பதே தெரியாது. இரண்டாவது பிள்ளைக்குத் தெரியும், குறித்துவைக்கத்தான் தவறிவிட்டது. இரண்டு கொப்பிகளிலும் ஒரே விடை, ஒரே சிவப்புப் பேனை, ஒரே அறிவுரை. 1/4 க்கும் 3/4 க்கும் உள்ள வித்தியாசம் சரியாக அரை என்பதால் வந்த வினை இது. திருப்பிக் கழித்தாலும் கிடைப்பது அரை, ஒன்றிலிருந்து அரை போனாலும் மிஞ்சுவது அரைதானே.

இரண்டாவது வினா இன்னும் மோசம். சிறு வகுப்பில் 52 இலிருந்து 27 ஐக் கழிக்கப் பழகிய பிள்ளைக்கு, கடன் எடுத்தால் பத்து வரும் என்பது கைப்பழக்கமாகவே ஊறிப்போயிருக்கும். 2 க்கு முன்னால் 1 ஐப் போட்டு 12 ஆக்கிய அதே கை, 5 1/8 என்பதில் தொகுதிக்கு (பின்னத்தின் மேல் எண்ணுக்கு) முன்னாலும் 1 ஐப் போட்டு 11/8 ஆக்கிவிடும். ஒன்று என்பது இங்கே 8/8, ஆகவே வரவேண்டியது 9/8. ஆனால் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) 10 ஆக இருந்தால் அந்தப் பிழையான பழக்கமே சரியான விடையைத் தந்துவிடும். 6 3/10 இல் 3 க்கு முன்னால் ஒன்றைப் போட்டால் 5 13/10 தான், அதில் 2 7/10 போக 3 6/10, சுருக்கினால் 3 3/5. பத்துக்கும் பகுதிக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளையும் சரி வாங்கிக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும்.

இவற்றுக்குப் பதிலாக 5 1/8 − 2 3/8 என்று கொடுத்துப் பாருங்கள். 4 9/8 − 2 3/8 = 2 6/8, அதாவது 2 3/4. திருப்பிக் கழித்த பிள்ளைக்கு 3 1/4 வரும். கடன் எடுத்தும் 5 ஐக் குறைக்காத பிள்ளைக்கு 3 3/4 வரும். பத்தைக் கடன் எடுத்த பிள்ளை 4 11/8 − 2 3/8 = 2 8/8 என்று போய் 3 இல் நிற்கும். படிமுறையே எழுதாமல் விடையை மட்டும் எழுதியிருந்தாலும், எங்கே பிசகியது என்பது விடையிலேயே தெரிந்துவிடும். பயிற்சி தயாரிப்போர் இரண்டு பின்னங்களுக்கும் வித்தியாசம் அரையாக வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பகுதி 10 ஐயும் தவிர்க்க வேண்டும். 5 உம் நல்லதல்ல. 8 1/5 − 3 3/5 இல் பத்தைக் கடன் எடுத்தாலும் 5 3/5, முழுவெண்ணைக் குறைக்க மறந்தாலும் 5 3/5. சரியான விடை 4 3/5.

ரியூசன் வகுப்புகள் பலவற்றில் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, எல்லாவற்றையும் முறைமையில்லாப் பின்னமாக (பகுதியை விடத் தொகுதி பெரிதான பின்னமாக) மாற்றச் சொல்கிறார்கள். 7 1/6 − 3 3/4 போன்ற சிறிய எண்களுக்கு அது நல்ல வழி: 43/6 − 15/4 = 86/12 − 45/12 = 41/12 = 3 5/12. ஆனால் 48 1/6 − 19 3/4 வந்தால் 289/6, 79/4, பிறகு 578/12, 237/12 என்று எண்கள் வீங்கிக்கொண்டே போகும். பின்னம் நன்றாகத் தெரிந்த பிள்ளையும் பெருக்கலில் புள்ளியை இழக்கும். கடன் எடுத்துச் செய்தால் 47 14/12 − 19 9/12 = 28 5/12, அவ்வளவுதான். பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) கண்டு இரண்டு பின்னங்களின் பகுதியையும் 12 ஆக்கிய பிறகே கடன் எடுப்பது நல்லது. முன்னதாக எடுத்தால் தவறு என்றில்லை, 47 7/6 என்று எழுதினாலும் அதே விடைதான். ஆனால் எது பெரிய பின்னம் என்று பகுதிகள் சமமாகும் முன்னர் கண்ணுக்குத் தெரியாது. தேவையில்லாத இடத்திலும் கடன் எடுக்கிற பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

கடன் எடுக்கவே விரும்பாத பிள்ளைக்கு இன்னொரு வழி. இரண்டு எண்களிலும் ஒரே அளவைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது. 2 3/8 உடன் 5/8 ஐச் சேர்த்தால் 3. 5 1/8 உடனும் 5/8 ஐச் சேர்த்தால் 5 6/8. இதிலிருந்து 3 போக 2 6/8. பாடநூல் முறையை விட இது எனக்குப் பிடித்தது, வகுப்பில் ஏன் இவ்வளவு அரிதாகச் சொல்லித்தருகிறார்கள் என்று தெரியவில்லை. 6 − 2 3/5 போன்ற வினாவுக்கும் இது பொருந்தும்: இரண்டிலும் 2/5 ஐச் சேர்த்தால் 6 2/5 − 3, விடை 3 2/5. கழிக்க மேலே பின்னமே இல்லாததால் 3/5 ஐ அப்படியே கீழே இறக்கி 4 3/5 என்று எழுதுவதுதான் இந்த வகை வினாவில் வழக்கமான பிழை.

எந்த முறையில் செய்தாலும் எழுதத் தொடங்கும் முன்னர் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 5 1/8 − 2 3/8 இல் முழுவெண்களின் வித்தியாசம் 3. முதல் எண்ணில் உள்ள பின்னம் சிறியது. ஆகவே விடை 2 க்கும் 3 க்கும் இடையில்தான் இருக்க முடியும். மேலே சொன்ன மூன்று பிழையான விடைகளும் இந்த ஒரு பார்வையிலேயே அடிபட்டுப் போகும்.

பத்தா எட்டா என்ற குழப்பம் தீரவே இல்லையென்றால் வீட்டில் ஓர் அளவு நாடாவை விரித்துவைப்பது உதவும். தச்சர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார். ஐந்து அங்குலம் ஒரு நூலில் இரண்டு அங்குலம் மூன்று நூலை வெட்ட வேண்டுமானால், ஓர் அங்குலத்தை உடைத்து எட்டு நூலாக்கி ஒன்பது நூலாகத்தான் எண்ண வேண்டும். நாடாவில் கோடுகள் கண்முன்னே இருக்கும்போது அங்கே பத்து நூல் இருப்பதாக எந்தப் பிள்ளையும் சொல்லாது.

கடைசியாக அச்சு பற்றி. கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது 5 1/8 என்று சாய்கோட்டில் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை, இந்தக் கடிதமும் அப்படித்தான் வருகிறது. பத்திரிகையில் தொகுதியை மேலேயும் பகுதியைக் கீழேயும் கோடிட்டுப் போடுங்கள். பத்தி நெருக்கத்தில் இடைவெளி விழுந்துபோனால் 5 1/8 என்பது 51/8 ஆகிவிடும், அது 6 3/8. விடைப் பகுதியில் 2 3/4 என்பது 23/4 என்று வந்தால் இன்னும் சங்கடம். சரியாகச் செய்த பிள்ளை தன் விடையைத்தான் வெட்டும்.

கணித ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.