சின்னவளைக் கேமரா படிக்க அனுப்பு

சாலிகிராமம், சென்னை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். பேசாமல் தோட்டத்தை அவர் பொறுப்பில் விட்டுவிடு, இரண்டு பேருக்கும் நிம்மதி. பெரியவளுக்கு ஓசூரில் வேலை உறுதியானதைக் கேட்டு மனசு நிறைந்துவிட்டது. எனக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. முன்பு போல் தினமும் இல்லை என்றாலும் டப்பிங்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்க வேண்டும் என்கிறாள், உனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பத்திரமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். "சினிமாவில் பெண்களுக்கு என்ன குறைச்சல்? எந்த போஸ்டரைப் பார்த்தாலும் ஒரு பெண் நிற்கிறாளே. இவள் எதற்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறாய். முதலில் இந்த போஸ்டர் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். முப்பது வருஷமாக இந்தத் தொழிலின் ஓரத்தில் நின்று பார்த்தவள் நான். எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

போஸ்டரில் பெண் நிற்கிறாள், உண்மைதான். எத்தனை வருஷம் நிற்க விடுகிறார்கள் என்று பார். 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'யை நாம் விடுதி வார்டனிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அதில் ரஜினிக்கு அம்மா ஸ்ரீவித்யா. ரஜினியின் முதல் படமான 'அபூர்வ ராகங்க'ளில், 1975இல், அதே ஸ்ரீவித்யாவுக்கு அவர் கணவர். அந்தப் படத்தில் ஸ்ரீவித்யாவைக் காதலிப்பவர் கமல். அந்தக் கமலுக்கும் 1989இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் ஸ்ரீவித்யாதான் அம்மா. ஒரே படத்தில் கணவராகவும் காதலராகவும் வந்த இரண்டு பேரும் பதினாறு வருஷத்துக்குள் அவருக்கு மகன்களாகிவிட்டார்கள். ரஜினி ஸ்ரீவித்யாவைவிட இரண்டரை வயது மூத்தவர். 'தளபதி' வந்தபோது ஸ்ரீவித்யாவுக்கு 38. உன் வயதையும் என் வயதையும் நினைத்துப் பார், 38 ஒரு வயதா? அதற்கு முன்னால் 'அபூர்வ ராகங்க'ளிலேயே வளர்ந்த மகளுக்குத் தாயாக நடித்தவர் அவர். அப்போது அவருக்கு வயது 22.

அந்தப் படங்களில் அவர் நடிப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுக் காட்சியைத் தாங்கக்கூடிய நடிகை. அதனால்தான் ஆற்றாமையாக இருக்கிறது. அவ்வளவு பெரிய நடிகைக்கு முப்பத்தைந்து தாண்டியதும் எழுதுவதற்கு நம் ஆட்களிடம் அம்மாவைத் தவிர வேறு கதை இல்லாமல் போய்விட்டது. ரஜினிக்கும் கமலுக்கும் அதற்குப் பிறகுதான் எத்தனையோ கதாநாயகன் வேடங்கள் வந்தன.

அப்புறம் என் வேலையையே எடுத்துக்கொள். வசனப் பேப்பர் கைக்கு வந்ததும் பக்கத்தைப் புரட்டும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். கதாநாயகியின் பகுதியை ஒரு காலைப்பொழுதில் பேசி முடித்துவிடலாம். கதாநாயகனுக்கு நாள்கணக்கில் ஆகும். நான் பெரும்பாலும் பேசுவது க்ரவுட், அதாவது கூட்டத்தில் கேட்கும் குரல்கள். அதில் ஒரு கணக்கு உண்டு. டீக்கடை, கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்து, பஸ் ஸ்டாண்ட் என்றால் ஆண்களைக் கூப்பிடுவார்கள். கல்யாண வீடு, சாவு வீடு, தண்ணீர்க் குழாய், பிரசவ ஆஸ்பத்திரி என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். நிஜத்தில் பஸ் ஸ்டாண்டில் பாதிக் கூட்டம் பெண்கள். கோர்ட் வாசலில் கருப்புக் கோட்டோடு எத்தனை பெண்கள் நிற்கிறார்கள்! படத்தில் அந்த இடங்களில் பெண் குரலே கேட்காது. "இங்கே ரெண்டு லேடீஸ் குரல் போடலாமே சார்" என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். பல பேர் யோசித்துவிட்டு, "ஆமாம்மா, போடுங்க" என்று சொல்லியும் இருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை, அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் போவதற்குக் காரணம், அந்த அறையில் முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

எங்கள் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படம் 1993இல் வந்தது. ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதில் ஷோபனா நடித்த கங்கா, மனம் பேதலித்து நாகவல்லி என்ற பழைய காலத்து நடனக்காரியாக மாறித் தமிழில் பேசும்போது உனக்கும் எனக்கும் முதுகு சில்லிட்டதே, அந்தக் குரல் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞருடையது. கங்காவுக்குப் பேசியவர் மலையாள டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமி. நாகவல்லிக்கும் அவரே பேசினார் என்றுதான் ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. இயக்குநர் ஃபாசில் 2016இல் எழுதிய பிறகுதான் துர்காவின் பெயர் பரவலாக வெளியே வந்தது. இருபத்து மூன்று வருஷம்! கேரளத்தில் குழந்தைகள்கூட மிமிக்ரி செய்யும் குரல் அது. நம் தொழிலில் ஒரு பெண் எவ்வளவு கேட்கப்பட்டும் எவ்வளவு தெரியாமல் இருக்க முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே, போஸ்டரில் ஒரு பெண் நிற்பது எனக்குப் போதவில்லை. அவளை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, முகத்தைக் காட்டுவதா இடுப்பைக் காட்டுவதா என்பதைத் தீர்மானிப்பவர்கள் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். உன் மகள் போக ஆசைப்படுவது அந்த இடத்துக்கு. அதனால்தான் அவள் ஆசையைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அங்கே பெண்கள் போனதே இல்லை என்று நினைக்காதே. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது, கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. அடுத்த ஐந்தே வருஷத்தில், 1936இல், தான் எழுதிய நாவலை 'மிஸ் கமலா' என்று தானே தயாரித்து, தானே இயக்கி, தானே நடித்தும் விட்டார். திருவையாற்றில் பிறந்து, சிறு வயதிலேயே கல்யாணமாகி, அது நிலைக்காமல் போய், பிழைப்புக்கு நாடகக் கம்பெனியில் சேர்ந்த பெண். பானுமதி 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் இயக்கினார். இவர்கள் இருவருக்கும் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் இருந்தது. யாரிடமும் போய் வாய்ப்புக் கேட்க வேண்டிய நிலை இல்லை. சொந்தப் பணம் இல்லாத பெண்ணுக்கு அந்த வாசல் திறக்க எத்தனை காலம் ஆனது என்று யோசித்துப் பார்.

சாவித்திரி கதை உனக்குத் தெரியும். 1968இல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' எடுத்தபோது இசைக்கு பி.லீலா, நடனத்துக்கு ராஜசுலோசனா என்று முக்கியமான பொறுப்புகளைப் பெண்களிடமே கொடுத்தார். படம் ஓடவில்லை, பணம் போனது. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது, "நடிப்போடு நின்றிருக்கலாம்" என்று முடிப்பார்கள். கையைச் சுட்டுக்கொண்ட ஆண் இயக்குநர்கள் கோடம்பாக்கத்தில் தெருவுக்கு நாலு பேர். அவர்களைப் பார்த்து யாரும், "இயக்கியிருக்கவே கூடாது" என்று சொல்வதில்லை. அடுத்த படம் தருகிறார்கள். தரவும் வேண்டும், தோற்றுத்தானே தொழில் கற்க முடியும்? அந்தத் தோற்கும் உரிமைதான் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. சுதா கொங்கராவின் முதல் தமிழ்ப் படம் 'துரோகி' 2010இல் வந்தது, ஓடவில்லை. அடுத்த தமிழ்ப் படம் 'இறுதிச்சுற்று' வர 2016 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எடுத்த 'சூரரைப் போற்று' ஐந்து தேசிய விருது வாங்கியது. இயக்குநர் ஹலிதா ஷமீமுக்கும் அப்படித்தான், 2014இல் வந்த முதல் படத்துக்கும் 'சில்லுக் கருப்பட்டி'க்கும் நடுவில் ஐந்து வருஷம். இவர்கள் பிடிவாதமாக நின்றார்கள், சரி. நிற்க முடியாமல் ஊருக்குத் திரும்பிப் போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

கேமராவிலும் இதே கதைதான். நம் ஊரில் முதலில் வந்தவர் பி.ஆர்.விஜயலட்சுமி. ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்துவிட்டு, 1985இல் 'சின்னவீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். ஆசியாவிலேயே முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்பார்கள். இயக்குநர் பி.ஆர்.பந்துலுவின் மகள். பிறகு வந்த ப்ரீதா ஜெயராமன், ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமின் உறவுக்காரப் பெண். இருவரும் திறமையால்தான் நின்றார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே கேமரா இருந்தது. கேமரா உதவியாளராகச் சேர்வதென்பது தெரிந்தவர் மூலம்தான் நடக்கும். ராத்திரி படப்பிடிப்பு, வெளியூர்த் தங்கல் என்றதும், "பொண்ணு வேண்டாம்ப்பா, பொறுப்பு ஜாஸ்தி" என்று விட்டுவிடுவார்கள். உன் வீட்டில் சினிமா ஆள் யாரும் இல்லை. அதனால் சின்னவளுக்குக் கல்லூரிதான் வழி. ஃபௌசியா பாத்திமா அப்படித்தான் பூனா திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர். ரேவதி இயக்கிய முதல் படத்துக்கு அவர்தான் கேமரா. 2017இல் இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கியபோது முன்னின்றவரும் அவர்தான். சின்னவளிடம் இந்தப் பெயரைச் சொல்லு.

சங்கத்தைப் பற்றியும் அவளுக்குச் சொல்லி வை. சங்க உறுப்பினர் அட்டை இல்லாமல் இங்கே வேலை இல்லை. மும்பையில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்று அட்டை கொடுக்கவே மறுத்தது. தலை அலங்காரம் மட்டும் செய்துகொள்ளலாமாம். சாரு குரானா என்ற பெண் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பரில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நடிகைகளின் முகத்துக்குப் பவுடர் போடக்கூட ஒரு பெண் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது.

இனி உன் பயம். அது நியாயமான பயம், நான் மழுப்ப மாட்டேன். 2017இல் கேரளத்தில் ஒரு நடிகைக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு அங்குள்ள பெண் கலைஞர்கள் ஒன்று சேர்ந்து அரசிடம் போனார்கள். நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது, நடிகை சாரதாவும் அதில் இருந்தார். 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது, அதுவும் பல பகுதிகளை மறைத்துவிட்டு. வாய்ப்புக்கு விலையாக என்னென்ன கேட்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என்னை அதிகம் தைத்தது கழிப்பறை விஷயம். வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து அவதிப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது புதுச் செய்தி இல்லை. நான் வேலை செய்த ஒரு பழைய டப்பிங் தியேட்டரில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டி, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் பக்கத்து ஹோட்டலுக்குத்தான் போய் வருவோம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அனுப்பு என்கிறாயே என்று கேட்பாய். ஆமாம், அனுப்பு. ஒரு யூனிட்டில் ஒரே ஒரு பெண் இருந்தால் கழிப்பறை கேட்கவே கூச்சப்படுவாள். பத்துப் பேர் இருந்தால் கழிப்பறை வண்டியே வந்து நிற்கும். கேரளத்தில் அந்த அறிக்கை வந்ததே பெண்கள் கூட்டமாக நின்றதால்தான். அவளை அனுப்பும் முன் சிலதை மட்டும் சொல்லிக் கொடு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேலையை ஆரம்பிக்கக் கூடாது. பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுக்கக் குழு இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் என்றால் திரும்பி வந்துவிட வேண்டும், எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் சரி. நுழைவுத் தேர்வுக்கு வரும்போது என்னோடு தங்கட்டும். இரண்டு மூன்று பெண் உதவி ஒளிப்பதிவாளர்களை எனக்குத் தெரியும், உட்கார்த்தி வைத்துப் பேச வைக்கிறேன். நல்லது கெட்டது இரண்டையும் அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். நீயும் கூட வந்தால் உனக்கும் தெளிவாகும்.

அப்புறம், ஒரு உதவி. 'மிஸ் கமலா'வின் படச்சுருள் எங்கேயும் மிஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் படத்துக்குப் படம் பாட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொட்டகையில் விற்பார்கள். உன் தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர், அவருடைய தகரப் பெட்டி இன்னும் மச்சில் இருக்கிறது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அண்ணன் சும்மாதானே இருக்கிறார், அவரை விட்டுத் தேடச் சொல். கிடைத்தால் தபாலில் அனுப்பாதே, தாள் நொறுங்கிவிடும். சின்னவள் வரும்போது கையோடு கொண்டுவரட்டும்.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழி