புண்ணாக்கும் நேரியல் கணிதமும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கணிதத்தில் முதுநிலை சேர்ந்திருக்கிறாள் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று உறவினர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். எங்கள் தீவன ஆலையின் ஆய்வகத்துக்கு ஒருநாள் அழைத்து வா, காட்டுகிறேன்.

சோயா புண்ணாக்கு லாரி வந்தால், புரதம் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் இறக்குவோம். முன்பு கெல்டால் முறைதான்: அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, நைட்ரஜனை அளந்து, அதைப் புரத அளவாக மாற்ற 6.25ஆல் பெருக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும். இப்போது அரைத்த மாதிரியின் மேல் அண்மை அகச்சிவப்பு ஒளியை (சிவப்புக்கு அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) பாய்ச்சினால், ஒரு நிமிடத்துக்குள் ஈரம், புரதம், கொழுப்பு, நார் எல்லாம் திரையில் வந்துவிடும்.

ஆனால் ஒளி செய்வது பாதி வேலைதான், மீதி கணக்கின் வேலை. 780 முதல் 2500 நானோமீட்டர் வரையுள்ள இந்த அலைநீளப் பகுதியில் பொருட்கள் ஒளியை உறிஞ்சுவது பலவீனமாகவும், அகலமான மேடுகளாகவும் தெரியும். தண்ணீருக்கு 1940 நானோமீட்டருக்கு அருகில் ஒரு பெரிய மேடு இருக்கும். புரதமும் மாவுச்சத்தும் கொழுப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எந்த ஒரு அலைநீளத்தைப் பார்த்தும் புரதத்தைச் சொல்ல முடியாது. அதனால் வேதியியலாளர்கள் நெடுங்காலம் இந்தப் பகுதியை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்ல் நாரிஸ் என்ற பொறியாளர்தான் 1960களில் பல அலைநீளங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு வழி காட்டினார். 1975இல் கனடாவின் தானிய ஆணையம் கோதுமைப் புரதத்துக்கு இம்முறையை ஏற்றது.

அடுத்தது உன் மகளுக்குப் பிடிக்கும். அலைநீளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், மாதிரிகள் அதைவிடக் குறைவாக இருக்கும். பக்கத்துப் பக்கத்து அலைநீளங்கள் சேர்ந்தே ஏறி இறங்கும். பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி சமன்பாட்டைப் பொருத்தும் சாதாரண மீச்சிறு வர்க்க முறை (least squares) இங்கே நொறுங்கிவிடும், அதற்குத் தேவையான அணிக்கு (matrix) நேர்மாறு காணவே முடியாது. இதற்கு உதவுவது, அந்த நூற்றுக்கணக்கான அலைநீளங்களைப் புரதத்தோடு சேர்ந்து மாறும் சில கூட்டு அளவுகளாகச் சுருக்கிக் கணக்கிடும் பகுதி மீச்சிறு வர்க்க முறை (partial least squares). அதைப் பொருளியலுக்காக உருவாக்கியவர் ஹெர்மன் வோல்ட். அதை வேதியியலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அவர் மகன் ஸ்வாந்தே வோல்ட்.

ஒன்றை மட்டும் அவளிடம் அழுத்திச் சொல். கருவிக்குப் புரதம் என்றால் என்னவென்றே தெரியாது. நாம் கெல்டாலில் கண்டு கொடுத்த எண்களிலிருந்து கற்றதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. அந்த எண்ணில் பிழை இருந்தால் அதுவும் கூடவே வரும். வேறு ஊர்ச் சரக்கு, புது அறுவடை என்று ஏதாவது வந்தால் மறுபடி அமிலத்தில் கொதிக்கவைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். கருவி வந்துவிட்டதே, அந்த அடுப்பை எடுத்துவிடலாம் என்பவர்களோடு நான் விடாமல் வாதாடுவது இதனால்தான்.

சரி, புது மக்காச்சோளம் வர ஆரம்பித்துவிட்டது, இனி வேலை நெருக்கும். வருவதற்கு முன் ஒரு போன் பண்ணு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கவேல்