சீனியை விட்டது சரிதான், மகளே

தலவாக்கலை,
மாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அப்பா, தம்பி, அப்பாயி எல்லோரும் சுகம். அப்பாயிக்கு இரவில் கொஞ்சம் இருமல் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. அங்கே நீ சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

தொலைபேசியில் பேசினால் "சரி அம்மா, சரி அம்மா" என்கிறாய். பிறகு உனக்கு வேலை வந்துவிடுகிறது. இந்த மாதம் அதுவும் குறைந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன். அத்தை மகன் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கொழும்புக்கு வருகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தோடு ஒரு பையும் வரும். பையை அவன் முன்னால் பிரிக்காதே. அறைக்குக் கொண்டுபோய்ப் பிரி.

பொங்கலுக்கு வந்தபோது நீ சர்க்கரைப் பொங்கலைத் தொடவில்லை. அப்பாயிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பிள்ளை கொழும்புக்காரி ஆகிவிட்டாள்" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் சமாதானம் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா? இந்தத் தோட்டத்தில் சீனி போடாமல் ஒரு மிடறு தேநீர் குடிக்கிற ஆளை யாராவது காட்டட்டும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன் ஒன்று, பத்து மணிக்கு மலையில் ஒன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி, சில வீடுகளில் மூன்று. கோதுமை மா ரொட்டியும் சீனித் தேநீரும்தான் நம்முடைய சனத்தை மலை ஏற்றின. பசியை அடக்கக் கையில் வேறு என்ன இருந்தது? அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்த காலத்தில் நானும் திரிபோஷா சத்து மாவில் சீனி கலந்துதான் உருண்டை பிடித்துக் கொடுத்தேன், இல்லாவிட்டால் குழந்தைகள் வாயைத் திறக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்த நீ, டொக்டர் சொன்ன அன்றைக்கே சீனிப் போத்தலை மூடி வைத்தாய். இந்தப் பிடிவாதம் உனக்கு அப்பாயியிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

உன் மூட்டுகளில் வந்த முடக்குவாதத்துக்கு மருந்து தரும்போது கண்டி கிளினிக்கில் டொக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். பிரெட்னிசோலோன் மாத்திரை போடுகிறவர்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறும். பசியும் கூடும், முகம் ஊதும், உடம்பு பருக்கும். காலையில் மாத்திரை போட்டால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் பின்னேரத்திலும்தான் சீனி அதிகமாக ஏறும். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தால் ஒன்றும் இல்லாதது போலக் காட்டக்கூடும். ஆகவே வெறும் வயிற்றுச் சோதனை ஒன்றை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காதே. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்தும் பார்க்கச் சொல்.

நீ சீனியைத்தான் விட்டாய். சீனி பல பெயர்களில் வரும் என்பதையும் பார்த்துக்கொள். போன முறை அத்தை, கித்துல்கலவில் பஸ் நின்றபோது வாங்கியதாக ஒரு கித்துள் கருப்பட்டி கொடுத்து அனுப்பினார்கள் அல்லவா? "இது சீனி இல்லை, உடம்புக்கு நல்லது" என்றார்கள். அத்தையின் அன்பில் குறை இல்லை. ஆனால் கருப்பட்டியும் சீனிதான், பாணியும் சீனிதான், தேனும் சீனிதான். இரத்தத்துக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான். அலுவலகத்தில் குடிக்கிற குளிர்பானமும் அப்படித்தான். 2016 முதல் நம் நாட்டில் போத்தலில் நிறம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. தம்பி செம்மஞ்சளைக் காட்டி "இது பரவாயில்லை அம்மா" என்கிறான். கணக்குப் பார்க்கிற பிள்ளை நீ, பார். 100 மில்லிலீற்றரில் 7 கிராம் என்று வைத்துக்கொண்டால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 28 கிராம். பெரிய ஆள் ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் சீனியை வைத்துக்கொள்வது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஒரு போத்தலிலேயே அது தாண்டிவிடும். நிறத்தைப் பார்த்து மனதைச் சமாதானம் செய்யாதே, தண்ணீர் குடி.

கோதுமை மா ரொட்டியையும் பாணையும் குறை. இனிக்காவிட்டாலும் வெள்ளை மா வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறும். பையில் குரக்கன் மா வைத்திருக்கிறேன், அப்பாயி கையால் சலித்தது. ரொட்டி சுட்டாலும் சரி, பிட்டு அவித்தாலும் சரி. அளவோடு சாப்பிடு, குரக்கன் என்பதற்காக ஐந்து ரொட்டி சாப்பிடலாம் என்று இல்லை. நெத்தலிக் கருவாடும் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடு, அந்த மாத்திரை எலும்பைத் தேய்க்கும் என்பதால் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உப்பு கூடாமல் இருக்க நன்றாக ஊறவைத்துக் கழுவு. போஞ்சியும் லீக்ஸும் நம்முடைய தோட்டத்தது.

ஆனால் சீனியை விடு என்றால் சோற்றையும் விடு என்று யார் சொன்னது? பொங்கலுக்கு வந்தபோது உன் தோள் எலும்பைப் பார்த்தேன். காலையில் ஒரு வெறும் பிளேன்டீ, மத்தியானம் ஒரு கொய்யா, இரவில் சூப் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாய். அவனுக்கு அது நாகரிகமாகத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. சிவப்பரிசிச் சோறு ஒரு கைப்பிடி, பருப்பு, கீரை, ஒரு முட்டை, இவ்வளவும் உள்ளே போக வேண்டும். முடக்குவாதம் வந்த உடம்பு தசையை இழக்கக்கூடாது. உடம்பில் பலம் இல்லாமல் எந்த நோயோடு நீ மல்லுக்கட்டப் போகிறாய்?

உன் அறையில் இருக்கும் அந்தப் பிள்ளை நல்லவள், உனக்குச் சமைத்துத் தருகிறவள். ஆனால் சீனியை அடியோடு விட்டால் முடக்குவாதம் தானாகப் போய்விடும் என்று அவள் உனக்குச் சொன்னதாகத் தம்பி சொன்னான். நீயும் அதை நம்புகிறாய் என்றும் சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன்.

போன வருடத்தை நினைத்துப் பார். டொக்டர் உன் மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையின் அளவைக் கூட்டியது எந்த மாதம்? பிரெட்னிசோலோன் சேர்ந்தது எந்த மாதம்? நீ சீனியை விட்டது எந்த மாதம்? மூன்றும் ஒரே மாதம். மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாளே வேலை செய்கிற மருந்து அல்ல, ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் கூட ஆகும் என்று அப்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த வாரங்கள் கழிந்து வீக்கம் வடிந்தபோது நீ சீனியை மட்டும் பார்த்தாய். சீனியை விட்டது உன் உடம்பைக் குறைத்தது, முகத்தைத் தெளிய வைத்தது, இரத்தத்தைச் சரியாக வைத்தது. அதற்காக ஆயிரம் முறை உன்னை மெச்சுகிறேன். ஆனால் உடம்பின் காவலே மூட்டைத் தின்னுகிற நோய் இது. அதைப் பிடித்து வைத்தது மாத்திரை.

2022ஐ மறந்துவிட்டாயா? நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அப்பா பெற்றோல் வரிசைகளுக்கு நடுவில் ஹட்டன், கம்பளை, கண்டி என்று மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார். கிடைக்காத அந்த வாரங்களில் உன் விரல்கள் என்ன ஆயின? சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது யார்? அப்போது வீட்டில் சீனி வாங்கவும் காசு இல்லை, நீ சீனி தின்று வந்த வலி அல்ல அது. மாத்திரையை நிறுத்திய மேட்டு லயத்து மாமா விஷயம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு வேறு நோய், உனக்கு வேறு நோய். ஆனால் "எனக்கு இப்போது ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்ன குரல் என் காதில் இன்னும் இருக்கிறது.

பொங்கலன்று தேங்காய் துருவ உட்காராமல் தம்பியை உட்கார வைத்தாய். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். விடியற்காலையில் குசினியில் வெந்நீருக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாய். "குளிர் அம்மா" என்றாய். இந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு என்ன குளிர்? நான் ஒன்றும் கேட்கவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

நீ போன பிறகு அலுமாரியில் உன் துணிகளை மடித்து வைக்கும்போது கிளினிக் மாத்திரை உறைகளைக் கண்டேன். மார்கழியில் கொடுத்தவை. ஒட்டியது ஒட்டியபடி இருக்கின்றன. அப்பாவிடம் சொல்லவில்லை. குரக்கன் மாப் பைக்குக் கீழே, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் பையைத் தனியாகப் பிரிக்கச் சொன்னேன்.

டொக்டர் சொல்லி நிறுத்தியிருந்தால் ஒரு வரி எழுது, போதும். நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன். நீயாக நிறுத்தியிருந்தால், மகளே, பிரெட்னிசோலோன் அப்படிச் சட்டென்று நிறுத்துகிற மாத்திரை அல்ல. வாரக்கணக்கில் அதைப் போட்ட உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் இருந்துவிடும். படிப்படியாகக் குறைத்தால்தான் திரும்பப் பழகும். இல்லாவிட்டால் சோர்வு, தலைசுற்று, வாந்தி என்று ஆளையே விழுத்திவிடும். பொங்கலுக்கு வந்தபோது நீ படுத்துப் படுத்து எழும்பியது பஸ் களைப்பு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

இந்த உறைகளைக் கண்டதும் நீயாக மறுபடியும் போடத் தொடங்கிவிடாதே. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுகிற மருந்து. விட்டதைச் சேர்த்துப் போடுகிறேன் என்று நாள்தோறும் போட்டால் உயிருக்கே ஆபத்து. உறைகளை டொக்டரிடம் காட்டுவதற்காகத்தான் அனுப்புகிறேன். எதை எப்படித் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். தலைசுற்றும் வாந்தியும் இப்போதும் இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காதே. அன்றைக்கே பக்கத்தில் இருக்கும் வைத்தியசாலைக்குப் போய், இந்த மாத்திரை போட்டேன், நிறுத்திவிட்டேன் என்று சொல்.

இன்னொன்று. வரன் பேச்சு தொடங்கிய நாளிலிருந்துதான் நீ மாத்திரையை மறைக்கிறாய் என்று எனக்கு ஒரு நினைப்பு. இல்லாவிட்டால் இல்லை என்று சொல். அந்த வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதை நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்க வேண்டாம். கேட்டுவிட்டு அவர்கள் போனால் போகட்டும். என் மகள் வலியை மறைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போய் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. கல்யாணம் நிச்சயமானால் முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும். கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி, குழந்தைக்குப் பாதிப்பு இல்லாத வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். முடக்குவாதம் உள்ள பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள், அதற்கு வழி இருக்கிறது. பயத்தில் நீயாக நிறுத்தினால் அந்த வழியை யார் காட்டுவது?

அப்பா நேற்று உன் பழைய பாடசாலைக் கொப்பியை எடுத்து அந்தக் கையெழுத்தைத் தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் கணிதத்தில் தோட்டத்துப் பிள்ளைகளில் நீதான் முதல். அவருக்கு அதைவிட வேறு கதை கிடையாது.

இந்த வியாழக்கிழமை கிளினிக் நாள். புதன்கிழமை அரைநாள் லீவு எடுத்துக் கண்டிக்கு வா, சித்தி வீட்டில் தங்கு. சித்தியிடம் சாதாரணமாக வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கிளினிக் கொப்பியை மறக்காதே. காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாமா, வெறும் வயிற்றோடா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். நான் விடிய முதல் ஹட்டன் போய்க் கண்டி பஸ் பிடித்து வந்து வாசலில் நிற்பேன். உள்ளே தனியாகப் போக வேண்டும் என்றால் போ, நான் வெளியே வாங்கில் இருக்கிறேன். அத்தை மகன் செவ்வாய்க்கிழமை திரும்புகிறான். வருவாயா, மாட்டாயா என்று ஒரு துண்டில் எழுதி அவன் கையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா