அலோ சொல்லுங்கள், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

குரல்வளையை எடுத்த தொண்டையில் பேசுவதற்கென்று வால்வு வைத்து மூன்று வாரமாகியும் கடையில் சிலேட்டில்தான் விலை எழுதிக் காட்டுகிறீர்களாம். மதினி போனில் சொன்னார்கள். குரல் வருகிறதாம், உங்களுக்குத்தான் பிடிக்கவில்லையாம்.

எனக்கும் பிடிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே வால்வு வைத்து முதன்முதலாக 'அ' என்றேன், ஏப்பம் மாதிரி ஒரு சத்தம். என் மகள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். உண்மையில் அது ஏப்பத்துக்கு உறவுக்காரன்தான். குரல்வளையை எடுத்த பிறகு மூச்சுக்குழாய் கழுத்து ஓட்டையோடு முடிந்துவிடுகிறது. ஓட்டையை மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போய் அதன் மேல்பகுதியை அதிரவைக்கிறது. அதைச் சொல்லாக்க உங்கள் பழைய நாக்கும் உதடும் அப்படியே இருக்கின்றன. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் சிங்கர் என்ற சர்ஜனும் ப்ளாம் என்ற பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து கண்டுபிடித்த வழி இது.

நான் செய்த தப்பு, ஓட்டையை மூடும்போது கட்டைவிரலை அமுக்கியது. காற்று வெளியே போய்விடுமோ என்று அமுக்க அமுக்க உள்வழியும் நசுங்கி, குரல் அடியோடு நின்றது. வாழைப்பழம் கனிந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பீர்களே, அந்த அழுத்தம் போதும். மூச்சை இழுத்து, மூடி, நாலைந்து சொல் பேசி, விரலை எடுங்கள். 'கிலோ அறுபது ரூபாய்' என்பதற்கு ஒரு மூச்சு தாராளம்.

காப்பி குடிக்கும்போது இருமல் வந்தால் கண்ணாடி முன் நின்று கழுத்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வில் காப்பி கசிந்தால் மாற்ற வேண்டியதுதான். எனக்கு முதல் வால்வு ஐந்தே மாதத்தில் போனது, பூஞ்சை. தினமும் பிரஷ் போட்டுத் துடைக்கச் சோம்பல்படாதீர்கள்.

ஒன்று மட்டும் லேசில் வராது: 'ஹ'. அது குரல்வளையிலேயே பிறக்கிற எழுத்து. நம் ஊரில் யார் 'ஹலோ' என்றார்கள், எல்லாரும் 'அலோ'தானே!

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். போனை மதினியிடம் கொடுக்கக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் இந்தப் பக்கம் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி